ஏலத்தில் எடுத்த என் சுரைக்காய்

அன்று அறுப்பின் பண்டிகை ஏலத்தில், சர்ச் வளாகத்துப் பந்தலின் இரண்டாவது வரிசையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நான். என் பக்கத்தில் வீட்டுக்காரர். அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார். வரிசையின் ஓரத்தில், காலை நீட்டிக்கொள்ள வசதியாக, நாத்தனாரின் கணவர். மேடையில் ஏலம் விடுகிறவர். அவர் பக்கத்தில் மேசை போட்டு, ரசீதுப் புத்தகத்தோடு சபையின் பொருளாளர். எங்களுக்குப் பின்னால் சபையார் எல்லாரும். மேடைக்குக் கீழே ஒரு ஆட்டுக்குட்டியும் கால் கட்டிய இரண்டு சேவல்களும். என் மகள் வரவில்லை, டியூஷன். அவள் வந்திருந்தால் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பாள்.

மேடையில் வாழைத்தாருக்கும் கிரீம் கேக்குக்கும் நடுவில் என் சுரைக்காய் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுப்பின் பண்டிகை என்றால், விளைச்சலில் முதலில் வந்ததைக் கர்த்தருக்கு நன்றியாகக் கொண்டுவந்து வைப்பது. ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள், பணம் சபைக்குப் போகும். தாம்பரம் பக்கம் இப்போது யாருக்கு விளைச்சல் இருக்கிறது? வயலெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் அப்பார்ட்மென்ட் ஆகிவிட்டது. ஆகவே சபையார் முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காயும் கரும்பும் வாங்கிவந்து வைப்பார்கள். அந்த வருஷம் ஒருவர் பிரஷர் குக்கர் வைத்திருந்தார், அட்டைப்பெட்டியோடு. வீட்டில் காய்த்தது என்று அந்த மேடையில் இருந்தது என் சுரைக்காய் ஒன்றுதான். அதைத் துணிப்பையில் போட்டு, செம்பாக்கத்திலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பயம், எங்காவது இடித்து நசுங்கிவிடுமோ என்று. எனக்கு எதற்கும் பயம்தான். காஸ் சிலிண்டரை வாரத்துக்கு மூன்று முறை ஆட்டிப் பார்ப்பேன். அரிசி டப்பாவின் அடி தெரிந்தால் அன்றைக்கே கடைக்கு ஓடுவேன். தீப்பெட்டியை டஜன் கணக்கில் வாங்கி வைப்பேன். வீட்டுக்காரர் சிரிப்பார், "நீ வூட்ட கொளுத்தப் போறியா, விளக்கு கொளுத்தப் போறியா?" என்று.

அந்தச் சுரைக்காயை நான் எதற்கு வைத்தேன் என்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் என் கோபம் புரியாது.

வீட்டுக்காரர் நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவது. கார் எங்களுடையது, தவணையில் எடுத்தது. ஊரடங்கு வந்தது. கம்பெனி ஆட்களெல்லாம் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கார் வாசலில் நின்றது, தவணை நிற்கவில்லை. நான் காலர் தைத்துக்கொண்டிருந்த ஏற்றுமதித் துணிக் கம்பெனியையும் மூடினார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எனக்குக் காலர் தைக்கத் தெரியும், வேறு என்ன வேலைக்குப் போவேன்?

அப்போது நாத்தனாரின் கணவர் அறுபதாயிரம் கொடுத்தார். அதை மறைக்க மாட்டேன். அவர் கொடுக்காவிட்டால் காரை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் எல்லாருக்கும் ஹெச்.எம். சார். நானும் இங்கே ஹெச்.எம். என்றே எழுதுகிறேன். பணத்தோடு ஒரு அரிசி மூட்டையும் கொண்டுவந்தார். மூட்டைக்குப் பக்கத்தில் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து போட்டோ எடுத்தார். அது குடும்ப வாட்ஸப் குரூப்பில் வந்தது, கீழே ஒரு பைபிள் வசனத்தோடு. என் மகள் அந்தப் போட்டோவில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்த அறுபதாயிரம் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். பிறந்தநாளில், ஞானஸ்நானத்தில், இழவு வீட்டில்கூட. "எப்படிம்மா, சமாளிக்கிறீங்களா? தேங்க்ஃபுல்லா இருக்கணும்மா. நன்றியுள்ள இருதயம் இருந்தா எதுவும் குறையாது" என்பார். நான் தட்டில் இரண்டாவது துண்டு கறி வைத்துக்கொண்டால் அவர் கண் அதில் நிற்கும். அப்படி எனக்குத் தோன்றியதா, உண்மையிலேயே நின்றதா, தெரியாது. அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்திலேயே ஒதுக்கிவிடுவேன்.

நானும் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்தோம். இனி ஒருத்தரிடமும் கை நீட்டக் கூடாது, இருக்கிறதில் இருக்க வேண்டும். காரை விற்றுத் தவணையை முடித்தோம். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தேன். தண்ணீர் லாரிக்காரரை நிறுத்திவிட்டு, பின்பக்கம் குப்பை போட்டு மூடிக்கிடந்த கிணற்றைத் தூர் வாரினோம். நாங்களே இறங்கினோம். ஏரி நிரம்பினால் எங்கள் கிணறும் நிரம்பும். ஆறு நாட்டுக்கோழி வாங்கினோம். மாடியில் பெயிண்ட் வாளிகளிலும் பாதியாக அறுத்த நீல டிரம்களிலும் மண் நிரப்பினோம். கேபிள் டிவியைத் துண்டித்தோம். அந்தக் கேபிள் ஒயரையே மாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிச் சுரைக்கொடியை ஏற்றினேன்.

விதை கொடுத்தது எங்கள் தெருவில் கீரை விற்கிற அக்கா. ஊரடங்கில் போலீஸ் விரட்ட விரட்ட, காலையில் எங்கள் கேட்டில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைச் செருகிவிட்டுப் போனவள் அவள். காசு கேட்டதில்லை. பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. நான் ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தபோது, "அட போக்கா, அது அன்னிக்கி விக்காத கீர" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அவள் எந்த வசனமும் அனுப்பவில்லை.

சுரைக்காய் லேசில் காய்க்கவில்லை. பிஞ்சு விடும், வெம்பும், விழும். எங்கள் மாடிக்கு வண்டு வருவதில்லை. சாயங்காலம் பூ விரியும் நேரத்தில் நானே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிட்டேன். ஒரு பிஞ்சு நின்றது. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள். நான் கர்த்தரை நம்புகிறவள்தான், ஆனாலும் எதற்கு வம்பு? மகளுக்குக் காட்டும்போதுகூட விரலை மடக்கிக்கொண்டேதான் காட்டினேன். அணில் கடிக்காமல் இருக்கப் பழைய தலையணை உறையை மாட்டிவிட்டேன். அது காயாகிக்கொண்டிருந்த மாதத்தில்தான் ஹெச்.எம்.முக்குக் கடைசித் தவணையைக் கொடுத்து முடித்தோம். அறுபதாயிரமும் தீர்ந்தது. அன்று நான் மாடிக்குப் போய்த் தலையணை உறைக்கு மேலேயே அந்தக் காயைத் தடவிக்கொடுத்தேன். இது சபைக்கு என்று வேண்டிக்கொண்டேன். இனி நாங்கள் யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை, அதற்கு நன்றி.

அந்த ஒரு காயைத்தான் ஏலம் விடுகிறவர் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"சுரைக்காய்! மருந்தடிக்காத சுரைக்காய்! நம்ம செம்பாக்கம் சிஸ்டர் வீட்டு மாடியில காய்ச்சது! யாரு கேக்குறீங்க?"

குக்கருக்கு முண்டியடித்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காது சுட்டது.

"பத்து ரூபா!" என்றார் ஹெச்.எம்.

பந்தல் சிரித்தது.

"என்னா சார், மார்க்கெட்லயே இருபது ரூபா!" என்றார் ஏலக்காரர்.

"அது மார்க்கெட் காய். இது ஹோம் புராடக்ட், டிஸ்கவுன்ட் உண்டு." மறுபடியும் சிரிப்பு. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இல்ல, தமாஷ் போகட்டும். இந்தக் காய்ல என் பங்கும் இருக்கு, சபையாரே. அந்தக் கஷ்ட காலத்துல தேவன் என்னை ஏவாம இருந்திருந்தா இந்தக் குடும்பம் இன்னைக்கு எங்க இருந்திருக்கும்? சொல்லக் கூடாது. ஸ்தோத்திரம். அதனால என் காயை நானே எடுத்துக்கறேன். ஐம்பது ரூபா." அப்படிச் சொல்லும்போது விரலை நீட்டி அந்தக் காயைச் சுட்டிக் காட்டினார்.

பறித்த காய் இனி எங்கே அழுகப் போகிறது? ஆனால் அந்த நீட்டிய விரலைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏறியது. நான்கு வருஷம் சாப்பிடாமல் விட்ட இரண்டாவது துண்டுக் கறியெல்லாம் ஏறியது.

"ஐந்நூறு!" என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏய், இன்னா பண்றே? அது நம்ம காயி!"

"ஆயிரம்" என்றார் ஹெச்.எம்., சிரித்துக்கொண்டே.

"ஆயிரத்து ஐந்நூறு."

"அல்லேலூயா! சொந்தத்துக்குள்ளயே போட்டி! இப்படித்தான் இருக்கணும் காணிக்கைன்னா!" ஏலக்காரர் குதித்தார். போனை மூடிவிட்டு எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.

"ரெண்டாயிரம்."

"மூணு."

நாத்தனார் ஹெச்.எம்.மின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடுங்களேன், என்னங்க இது சின்னப்புள்ளத்தனமா." அவர் கையைத் தட்டிவிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அந்தக் காய் அவர் கைக்குப் போகக் கூடாது. அது போனால் நாங்கள் கட்டி முடித்தது கட்டாததாகிவிடும். பயந்தவளுக்குக் கோபம் வந்தால் கணக்குத் தெரியாது.

"ஆறாயிரம்" என்றார் ஹெச்.எம்.

"ஆறாயிரத்து ஐந்நூறு!"

அவர் கையைக் கூப்பினார். "போதும்மா. நீயே எடுத்துக்கோ." உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்!" கைதட்டினார்கள். நான் மாடியில் வளர்த்து, நான் கொண்டுவந்து வைத்த சுரைக்காயை என் கையிலேயே கொடுத்தார்கள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சபைக்கு மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டியிருப்பேன், அப்படிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மேசைக்குப் போவதற்குள் ஹெச்.எம். போனை எடுத்து நீட்டிப் பணத்தை அனுப்பிவிட்டார். "பாவம், எங்கிருந்து கட்டுவாங்க? நான் கட்டிட்டேன். பேரு அவங்க பேரே போடுங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பொருளாளர் ரசீதைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"சார், அவருக்குத் திருப்பி அனுப்பிடுங்க. நான் கட்டிக்கறேன்" என்றேன்.

"வந்த காணிக்கையை எப்படிம்மா திருப்பறது? அப்படி வழக்கம் இல்ல. சார் நல்ல மனசோட செஞ்சிருக்காரு. தேங்க்ஸ் சொல்லிட்டுப் போம்மா."

சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. சபை முழுக்கப் பார்க்க, மாரோடு சுரைக்காயை அணைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ணா" என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அறுபதாயிரத்த கட்டி முடிச்சி ஒரு மாசம் ஆவல. மறுபடியும் அந்தாளு கைல மாட்டி வுட்டியே. பத்து ரூபா காயிக்கு இன்னா பேஜாரு பண்ணிட்ட! அவுரு எடுத்துகினு போனா போவட்டும்னு வுட வேண்டியதுதானே?"

"விட்டிருந்தா அவர் காயாயிருக்கும்."

"இப்ப மட்டும் ஆரு காயாம்?"

அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விதைக்கு விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இளங்காய், விதை முற்றவில்லை. வீணாக்க முடியாது. கூட்டு வைத்தேன். வீட்டுக்காரர் முதல் வாயை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "இந்த ஒரு வாயி இருநூறு ரூபா இருக்கும். மெதுவா துன்னுமா, சிந்தாத" என்றார் மகளிடம். மகள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அந்தக் கோபத்திலும். கூட்டு நன்றாகத்தான் இருந்தது.

வாரம் ஐந்நூறாகக் கட்டிவிடலாம் என்று ஹெச்.எம்.முக்குப் போனில் பணம் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது, கைகூப்புகிற படத்தோடு. அடுத்த வாரம் மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் திரும்பி வந்தது. இந்த முறை 'நன்றி ஒன்றே போதும்' என்று ரோஜாப்பூ போட்ட படம். வீட்டுக்காரர், "வேணான்றாரு இல்ல, வுட்டுரு. லாபந்தானே" என்றார். எப்படி விடுவது? அறுபதாயிரத்துக்காவது ஒரு முடிவு இருந்தது. இதை வாங்க மாட்டேன் என்கிறாரே, இது எப்போது தீரும்? என் மகள் கல்யாணத்தில் இந்தச் சுரைக்காய் வந்து முன்வரிசையில் உட்காராதா? வேலை செய்துகொண்டிருக்கும்போதே இதை நினைத்துத் தையல் கோணிவிடும்.

கடைசியில் ஆயிரம் ரூபாயை ரொக்கமாகக் கவரில் போட்டுக்கொண்டு நேரில் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு டஜன் முட்டையையும் வைக்கோலில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மேடவாக்கம் போய், சோழிங்கநல்லூர் போய், அங்கே பஸ் மாறி நாவலூர். முட்டைக்காக இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே போனேன். அவர்கள் மகன் வாங்கிய அப்பார்ட்மென்டில்தான் இருக்கிறார்கள். ஹெச்.எம். பால்கனியில் இருந்தார். மூன்று சின்னத் தொட்டிகளில் மிளகாய்ச் செடி. மண், உரம், விதை, தொட்டி எல்லாம் ஒரே பெட்டியில் வீட்டுக்கே வந்ததாம். விலையையும் சொன்னார். அந்த விலைக்கு எங்கள் வீட்டில் பத்து நாள் சமையல் நடக்கும்.

"நானும் சிம்பிள் லைஃபுக்கு மாறிட்டேம்மா. காலம் கெட்டுக் கிடக்கு. நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? நம்ம சாப்பாட்டை நாமளே பண்ணிக்கணும்."

"ஆமாண்ணா. இது ஆயிரம் இருக்கு. மீதியை மாசாமாசம் தர்றேன்."

கவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஏம்மா, என்னை என்ன வட்டிக்கடைக்காரன்னு நெனச்சியா? கொடுத்ததைத் திருப்பி வாங்குறவனா நான்?"

"அறுபதாயிரத்த வாங்கிக்கிட்டீங்களேண்ணா."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் கவரை எடுத்து என் பைக்குள்ளேயே திணித்து, பையின் ஜிப்பையும் இழுத்து மூடினார். "எட்டாவது படிச்ச உனக்கே இவ்ளோ ரோஷம். மேல படிச்சிருந்தா என்ன ஆயிருப்ப? போம்மா. காசு வேணாம். நன்றி இருந்தா போதும்."

முட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

என்னை வழியனுப்ப நாத்தனார் லிப்டில் கீழே வந்தார். அங்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் லிப்ட் கண்ணாடியில் கொண்டையைச் சரி செய்துகொண்டே கேட்டார்:

"முட்டை என்ன விலைக்குக் கொடுக்குற?"

"தெருவுல இருபது ரூபா அண்ணி. எதுக்கு?"

"மருமக இப்பதான் பிள்ள பெத்திருக்கா. தினம் நாட்டுமுட்டை வேணும். ஆன்லைன்ல இருபத்தெட்டுக்கு வாங்கறேன், அதுல பாதி கூமுட்டை. நீ சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டு வா. கீரையும் கொண்டு வா. காசு தர மாட்டேன். அந்த ஆறாயிரத்து ஐந்நூறுல கழிச்சுக்கறேன்."

"அண்ணா ஒத்துக்குவாரா?"

"அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? வீட்டுச் செலவு என் கையில. அது அவர் பணம்னா, ஆன்லைன்காரனுக்குப் போறதும் அவர் பணம்தான்." லிப்ட் திறந்தது. "நீயாவது கட்டி முடிச்சிடலாம். என்னைப் பாரு. கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா பேசின நகையில ரெண்டு பவுன் கொறைஞ்சுது. பரவாயில்லன்னு இவர் பெருந்தன்மையா சொன்னாரு. முப்பத்து நாலு வருஷமா அதைச் சொல்லிக்கிட்டே இருக்காரு. போ, பஸ் வந்துடும்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருக்கிறேன். வேன் ஓட்டம் இல்லாத நாளாதலால் சில வாரம் வீட்டுக்காரரும் போவார். கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால் முட்டை குறையும், அப்போது கீரையும் கத்திரிக்காயும் போகும். நாத்தனார் கதவடியிலேயே விலை பேசிக் கழித்துவிடுவார். கத்திரிக்காயில் பூச்சி இருந்தால் குறைத்துத்தான் போடுவார். அவர் அப்படிப் பேரம் பேசும்போது எனக்கு மூச்சு நேராக வரும். முதல்முறையாக அந்த வீட்டு வாசலில் நான் கடைக்காரி.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி நேரத்தில், அதாவது கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சொல்லும் நேரத்தில், ஹெச்.எம். எழுந்தார். எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "நன்றின்னா என்னன்னு இந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கத்துக்கணும், சபையாரே. நான் செஞ்ச ஒரு சின்ன உதவிக்கு, வாராவாரம் முட்டையும் காய்கறியும் கொண்டாந்து கொடுக்குறாங்க. ஒரு பைசா வாங்குறதில்ல." சபை ஆமென் என்றது. முன்னால் இருந்த பெண்கள் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கால் பரபரத்தது. நாத்தனார் எங்கள் வரிசையில்தான் இருந்தார். தலையைத் திருப்பாமல், பாட்டுப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்:

"உக்காரு. கணக்கு முடிய விடு. முடிஞ்ச மறுநாள் முட்டையை நிறுத்திடு. ஏன் வரலேன்னு என்னைக் கேப்பாரு இல்ல, அப்ப நான் சொல்லிக்கறேன்."

உட்கார்ந்தேன். அந்த நாளுக்காகத்தான் இப்போது கோழிகளுக்குத் தீனி போடுகிறேன். நேற்று பன்னிரண்டு முட்டையும் இரண்டு கட்டு அரைக்கீரையும் போயின. இன்னும் மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய் பாக்கி.